வீச்சுக்குழல் திருப்பி

டிராக்டரில் பூட்டும் பனிவீசி, பனியை எந்தப் பக்கம் எறிய வேண்டுமோ அந்தப் பக்கம் அதன் குழலைத் திருப்பும் விசைக்கருவி. கைப்பிடியைச் சுற்றித் திருப்பும் முறை இன்றும் உண்டு. கையுறையோடு, காற்று மாறும்போதெல்லாம் சுற்றுவது பெரும்பாடு.

விசைத்திருப்பியில் மின்வகை, ஹைட்ராலிக் வகை என இரண்டு உண்டு. மின்வகைக்கு 12 வோல்ட் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச் போதும். அதன் வார்ம் கியர், மோட்டார் நின்றபின்னும் குழலை நகரவிடாது. ஹைட்ராலிக் வகைக்கு வலு அதிகம். குழலடியில் உறைந்த பனிக்கட்டியையும் உடைத்துத் திருப்பும். ஆனால் டிராக்டரில் உபரி ஹைட்ராலிக் வால்வு இருக்க வேண்டும். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் குழல் வெடுக்கென்று திரும்பும். அதனால் ஓட்டத்தைக் குறைக்கும் கட்டுப்படுத்தி தேவை. உபரி வால்வு இல்லாத சிறு டிராக்டருக்கு மின்வகையே ஏற்றது.