பின்னம், தசமம் கலந்த சமன்பாடுகள்: படிவம் 1 மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

படிவம் 1 கணிதப் பாடநூலின் 6ஆம் அத்தியாயம் நேரியல் சமன்பாடு. ஓர் எண்ணுடன் 5ஐக் கூட்டினால் 12 வரும், அந்த எண் எது என்று கேட்டால் மாணவர்கள் தயங்காமல் 7 என்கிறார்கள். அதே சமன்பாட்டுக்குள் ஒரு பின்னமோ தசமமோ வந்துவிட்டால் பலருக்குப் பென்சில் நின்றுவிடுகிறது. உண்மையில் அவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் சமன்பாடு அல்ல. ஆரம்பப்பள்ளியில் அரைகுறையாக விட்டுப்போன பின்னம்தான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த கணிதத்தை இடைநிலைப்பள்ளியில் மலாயில் தொடர வேண்டும். இருமொழிப் பாடத்திட்டம் நடக்கும் பள்ளியானால் ஆங்கிலத்தில் தொடர வேண்டும். எண்கள் மாறுவதில்லை, பெயர்கள்தான் மாறுகின்றன. ஆனால் பெயர் புரியாத பிள்ளை, கணிதமே தனக்கு வராது என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. படிவம் 2இல் இயற்கணிதப் பின்னமும் சூத்திரமும் இதே அடித்தளத்தின் மீதுதான் வருகின்றன. எஸ்பிஎம் வரை கணிதம் கட்டாயப் பாடம். ஆகவே இந்த இடத்தில் விழும் ஓட்டையை இங்கேயே அடைத்துவிடுவது நல்லது.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: பின்னத்தோடு கடைசி வரை மல்லுக்கட்ட வேண்டாம். முதல் படியிலேயே அதை வெளியேற்றிவிடலாம்.

முதலில் சொற்கள்

பிள்ளையின் மலாய்ப் பாடநூலைப் பார்க்கும் பெற்றோர் இந்தச் சொற்களை அறிந்திருந்தால் போதும்:

சமன்பாடு – பெர்சாமாஆன்
மாறி – பெம்போலே உபா
பின்னம் – பெச்சாஹான்
தசமம் – பெர்புலுஹான்
தொகுதி (பின்னத்தின் மேல் எண்) – பெங்காங்கா
பகுதி (பின்னத்தின் கீழ் எண்) – பெஞெபுட்
மீச்சிறு பொது மடங்கு – காண்டாஆன் செபுஞா தெர்கெச்சில், சுருக்கமாக ஜி.எஸ்.தி.கே.
தீர்வு – பெஞெலெசாயான்

கேள்வியில் 'செலெசாய்கான்' என்று இருந்தால், தீர்வைக் கண்டுபிடி என்று பொருள்.

பாடநூலில் மாறியை எக்ஸ், ஒய் போன்ற எழுத்துகளால் குறிப்பார்கள். இக்கட்டுரையில், அறியாத எண் என்பதற்கு 'அ' என்று எழுதுகிறோம். 3அ என்றால் 3 பெருக்கல் அ. அ/3 என்றால் அ வகுத்தல் 3.

சமக்குறி ஒரு தராசு

சமக்குறியை 1557ஆம் ஆண்டு தமது நூலில் முதன்முதலில் அச்சிட்டவர் ராபர்ட் ரெக்கார்ட். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். மாணவர்கள் பலர் அந்தக் குறியை 'விடை இதோ' என்னும் அறிவிப்பாகப் பார்க்கிறார்கள். அது உண்மையில் தராசின் நடுமுள். இடப்பக்கத் தட்டில் எதைச் செய்தாலும் வலப்பக்கத் தட்டிலும் அதையே செய்தால் முள் அசையாது. ஒரு தட்டின் எடையை ஆறு மடங்காக்கினால் மறு தட்டின் எடையையும் ஆறு மடங்காக்க வேண்டும். பின்னத்தை வெளியேற்றும் வழி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

பின்னத்தை வெளியேற்றுவது

ஓர் எளிய சமன்பாடு:

அ/2 + அ/3 = 10

கீழே இருக்கும் எண்கள் 2, 3. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6. இரு பக்கத்தையும் 6ஆல் பெருக்குவோம். அ/2 ஆறு மடங்கானால் 3அ. அ/3 ஆறு மடங்கானால் 2அ. வலப்பக்கத்து 10, 60 ஆகும்.

3அ + 2அ = 60
5அ = 60
அ = 12

சரிபார்ப்போம்: 12இல் பாதி 6, மூன்றில் ஒரு பங்கு 4, கூட்டினால் 10. விடை சரி.

மீச்சிறு பொது மடங்கு அதே பாடநூலின் 2ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதை எதற்குப் படித்தோம் என்று கேட்கும் பிள்ளைக்கு 6ஆம் அத்தியாயத்தில் பதில் கிடைக்கிறது.

முந்திரி சொல்லும் கணக்கு

இந்த உத்தி தமிழர்களுக்குப் புதிதல்ல. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் கால், அரை, முக்காலோடு நிற்கவில்லை. அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர் வைத்து மனப்பாடம் செய்தார்கள்.

320 என்னும் எண்ணைக் கவனியுங்கள். 2, 4, 8, 16, 20, 80 எல்லாம் அதை மீதியின்றி வகுக்கும். எனவே முந்திரியை அலகாக வைத்துக்கொண்டால் மேலே சொன்ன பின்னங்கள் அனைத்தும் முழு எண்களாகிவிடும். கால் என்பது 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. அரைக்காலையும் மாவையும் கூட்ட வேண்டுமா? 40உம் 16உம் சேர்ந்து 56 முந்திரி. அதாவது 56/320, சுருக்கினால் 7/40. பொதுப் பகுதியைக் கண்டுபிடித்து முழு எண்களால் கணக்குப் போடும் வேலைதான் இது. இன்று வகுப்பில் ஜி.எஸ்.தி.கே. செய்வதும் அதுவே.

அடைப்புக்குறியும் கழித்தலும் சேர்ந்தால்

பல படிகள் கொண்ட சமன்பாட்டில் தவறு நேரும் இடம் இதுதான்:

(2அ + 1)/3 − (அ − 2)/4 = 5

3, 4 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. ஒவ்வோர் உறுப்பையும் 12ஆல் பெருக்க வேண்டும்.

4(2அ + 1) − 3(அ − 2) = 60
8அ + 4 − 3அ + 6 = 60
5அ + 10 = 60
5அ = 50
அ = 10

இதில் இரண்டு பொறிகள் உள்ளன.

முதலாவது, வலப்பக்கத்து 5. அது பின்னம் இல்லையே என்று பெருக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் 5அ + 10 = 5 என்றாகி, அ = −1 என்று தவறான விடை வரும். தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை ஏற்றிய கதைதான்.

இரண்டாவது, அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி. −3ஐ உள்ளே பெருக்கும்போது −2 என்பது +6 ஆகிறது. அதை −6 என்று எழுதினால் அ = 12.4 என்று வந்து நிற்கும். தொகுதியில் இரண்டு உறுப்புகள் இருந்தால் முதலில் அடைப்புக்குறி போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்தத் தவறைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

தசமம்: ரிங்கிட்டைச் சென்னாக்குவது

தசமத்துக்கு மீச்சிறு பொது மடங்கு தேட வேண்டியதில்லை. 10, 100, 1000 இவற்றில் ஒன்று போதும். ஒரு ரிங்கிட் இருபது சென்னை 120 சென் என்று சொல்லும் பிள்ளை, 1.20ஐ 100ஆல் பெருக்கிவிட்டது. அதையே சமன்பாட்டில் செய்ய வேண்டும்.

0.3(அ + 4) = 0.05அ + 2.2

புள்ளிக்குப் பின் அதிக இலக்கங்கள் உள்ள எண் 0.05; இரண்டு இலக்கங்கள். ஆகவே 100ஆல் பெருக்குவோம்.

30(அ + 4) = 5அ + 220
30அ + 120 = 5அ + 220
25அ = 100
அ = 4

சரிபார்ப்போம்: இடப்பக்கம் 0.3 பெருக்கல் 8, அதாவது 2.4. வலப்பக்கம் 0.2 + 2.2, அதுவும் 2.4.

இங்கும் ஓர் எச்சரிக்கை. 0.3ஐ 100ஆல் பெருக்கி 30 ஆக்கிய பிறகு, அடைப்புக்குறிக்குள் இருக்கும் அ + 4ஐ மீண்டும் 100ஆல் பெருக்கக் கூடாது. பெருக்கினால் அந்த உறுப்பு மட்டும் பத்தாயிரம் மடங்காகிவிடும்.

பின்னமும் தசமமும் கலந்து வந்தால்

தசமத்தைப் பின்னமாக மாற்றிக்கொள்வதே பாதுகாப்பான வழி. 1/3 போன்ற பின்னத்தைத் தசமமாக்கினால் 0.333... என்று முடிவில்லாமல் போகும், 0.33 என்று வெட்டினால் விடையும் விலகிவிடும். தசமத்தைப் பின்னமாக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

(3/4)அ − 0.5 = 0.2அ + 5

0.5 என்பது 1/2, 0.2 என்பது 1/5. பகுதிகள் 4, 2, 5. மீச்சிறு பொது மடங்கு 20.

15அ − 10 = 4அ + 100
11அ = 110
அ = 10

இடப்பக்கம் 7.5 − 0.5 = 7; வலப்பக்கம் 2 + 5 = 7.

பிரச்சனைக் கணக்கில்

ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டு வாடகைக்கும், ஐந்தில் ஒரு பங்கு கார் தவணைக்கும் போகிறது. மீதம் 1,400 ரிங்கிட். வருமானம் எவ்வளவு?

அ − அ/3 − அ/5 = 1400

15ஆல் பெருக்கினால்,

15அ − 5அ − 3அ = 21000
7அ = 21000
அ = 3000

வாடகை 1,000, தவணை 600, மீதம் 1,400. கணக்கு நேராகிறது.

தசமத்துக்குச் சம்பளச் சீட்டே நல்ல உதாரணம். ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளரின் பங்கு 11 விழுக்காடு. சொக்சோ போன்ற மற்றப் பிடித்தங்களை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். சேமநிதி கழித்துக் கையில் 2,225 ரிங்கிட் வந்தால் அடிப்படைச் சம்பளம் என்ன?

அ − 0.11அ = 2225
100அ − 11அ = 222500
89அ = 222500
அ = 2500

2,225இன் மேல் 11 விழுக்காட்டைக் கூட்டினால் சம்பளம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 2,469.75 ரிங்கிட்தான் வரும். பிடித்தம் செய்யப்பட்டது 2,500இன் 11 விழுக்காடு. 2,225இன் 11 விழுக்காடு அல்ல. சமன்பாடு எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளை கணக்கைத் தொடங்கும் முன், "இதில் பின்னம் இருக்கிறதா? எந்த எண்ணால் பெருக்கினால் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம்.

2. ஒரு வரிக்கு ஒரு படி எழுதச் சொல்லுங்கள். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும். தவறு எந்த வரியில் நேர்ந்தது என்பதை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும்.

3. கிடைத்த விடையை முதல் வரியில் போட்டு இரு பக்கமும் சமமா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே கண்ட −1, 12.4 ஆகிய தவறான விடைகள் இந்தச் சோதனையில் உடனே சிக்கிவிடும்.

4. பிள்ளை தமிழில் யோசித்து மலாயில் எழுதினால் தடுக்காதீர்கள். மீச்சிறு பொது மடங்கு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ஜி.எஸ்.தி.கே. என்று தாளில் எழுதும் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் கற்றதை இழக்காமல் கூடவே எடுத்துச் செல்கிறது.

இவற்றில் மூன்றாவதற்குப் பெற்றோர் கணிதம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து இரு தட்டும் சமமா என்று பார்த்துச் சொல்லலாம்.