நூற்றுக்கு நூறு சதுரம்

ஓர் அங்குல அகலம், ஓர் அங்குல உயரம். தபால் தலை அளவே உள்ள ஒரு படம். அதற்குள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகியின் முகம், அவளுக்குப் பின்னே புகை படிந்தாற்போல் ஓர் இளநீலப் பரப்பு, ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு சிறு சொல். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பத்தாண்டில், அமெரிக்காவிலும் ஆங்கிலம் வழங்கும் பிற நாடுகளிலும் திரைப்பட, தொலைக்காட்சி ரசிகர்கள் இத்தகைய படங்களை ஓயாமல் உருவாக்கி வந்தனர். இவற்றுக்கு ஐகான் என்று பெயர். விற்பதற்காக அன்று, இணையத்தில் தாம் எழுதும் குறிப்புகளின் அருகே, தம் முகத்துக்குப் பதிலாக ஒட்டிக்கொள்வதற்காக. விளையாட்டாகத் தோன்றும் இவ்வேலைக்குள் நிறத்தைப் பற்றிய ஒரு கணக்கும், மனிதர் தோலைப் பற்றிய ஒரு வழக்கும் அடங்கியிருந்தன.

சதுரத்தின் அளவைத் தீர்மானித்தது கலையன்று, ஒரு விதி. 1999-இல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்னும் அமெரிக்க இளைஞர் லைவ்ஜர்னல் என்ற நாட்குறிப்புத் தளத்தைத் தொடங்கினார். அதில் ஒருவர் வைத்துக்கொள்ளும் படம் குறுக்கே 100 புள்ளிகள், நெடுக்கே 100 புள்ளிகள், கோப்பின் அளவு 40 கிலோபைட் ஆகிய எல்லைகளைத் தாண்டக் கூடாது. ஒருவரே பல படங்களை வைத்துக்கொண்டு, எழுதும் குறிப்பின் மனநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கோபத்துக்கு ஒரு படம், சோகத்துக்கு ஒரு படம். ஆகவே ஐகான்களுக்குத் தேவை பெருகியதில் வியப்பில்லை.

நூறு நூறாகப் பெருக்கினால் 10,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 ஆனால் கறுப்பு, மூன்றும் 255 ஆனால் வெள்ளை. ஆக, ஓர் ஐகான் என்பது 30,000 எண்களின் தொகுப்பேயாகும். நிறத்தை மாற்றுவது என்றால் இந்த எண்களை மாற்றுவது.

அதற்கு வேண்டிய கருவி எவ்வாறு வந்தது? 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே காட்டக்கூடிய தம் மெக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைத் தோற்றுவிக்க ஒரு நிரல் எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகளை உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய தம்பி ஜான் நோல், அதை முழுமையான படக் கருவியாக வளர்க்கத் தூண்டினார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் இடம்பெற்றன: கண்ணாடித் தகடுகளைப் போலப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளது கீழுள்ளதுடன் எப்படிக் கலக்க வேண்டும் என்றும் கட்டளையிடலாம். விலையோ மாணவர் கைக்கு எட்டாதது. பெயின்ட் ஷாப் ப்ரோவைக் கொண்டு சமாளித்தவர்கள் பலர். 1996 முதல் இலவசமாகக் கிடைத்த கிம்ப் என்னும் மென்பொருளை நாடியோரும் உண்டு.

ரசிகர்களின் முதல் தொல்லை இருட்டு. ஓடும் காட்சியில் கண் இருளுக்குப் பழகிக்கொள்கிறது. அதே காட்சியை நிறுத்தி, ஒரு துண்டை வெட்டி, 100 புள்ளிக்குச் சுருக்கினால் சேறு பூசியதுபோல் ஆகிவிடும். அவர்கள் கண்ட மருந்து எளியது. படத்தைப் பிரதி எடுத்து, அதன் மேலேயே அடுக்கி, கலக்கும் முறையை 'ஸ்கிரீன்' என்று வைத்தால் போதும். படம் பளிச்சென்று துலங்கும்.

இது மாயமன்று, பெருக்கல்தான். புள்ளியின் எண்ணை 255-இலிருந்து கழிக்க வேண்டும். மீதியை மீதியால் பெருக்கி 255-ஆல் வகுக்க வேண்டும். வந்த ஈவை மறுபடியும் 255-இலிருந்து கழிக்க வேண்டும். 128 என்ற நடுத்தர ஒளி 192 ஆகிறது. 20 என்ற இருட்டு 38 ஆகிறது. 240 என்ற வெளிச்சம் 254 மட்டுமே ஆகிறது. நடுவில் உள்ளவை மிகுதியாக உயர்கின்றன. எதுவும் 255-ஐத் தாண்டுவதில்லை. இருட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதன்று. இரண்டு நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கே பின்னணிக்கும் கைகொடுத்தது. கறுப்புத் துணியின்மேல் சில வண்ண விளக்குகளை மங்கலாகப் படம்பிடித்து, ஐகானின் மேல் ஸ்கிரீன் முறையில் வைத்துப் பாருங்கள். கறுப்பின் எண் 0. அது கீழே உள்ள எதையும் மாற்றாது. கறுப்பு மறைந்துபோக, ஒளிப் பொட்டுகள் மட்டும் நாயகியின் பின்னே மிதக்கும். கத்திரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம்.

இன்னொரு உத்தியும் அந்நாளில் பெயர் பெற்றிருந்தது. படத்தின்மேல் முழுக்கக் கருநீலம் பூசிய ஓர் அடுக்கை 'எக்ஸ்க்ளூஷன்' முறையில் வைப்பது. அந்தக் கருநீலத்தின் நீல எண் 51 என்று கொள்வோம். கீழே நீலம் 0 ஆக இருந்த இடம் 51 ஆகும். 255 ஆக இருந்த இடம் 204 ஆகக் குறையும். நடுவே 128 அப்படியே நிற்கும். நிழல்கள் நீலமேற, வெளிச்சங்கள் நீலம் இழந்து மஞ்சளிக்கும். பழைய வண்ண அச்சுப் படத்தின் சாயல் வந்துவிடும். இவ்வழியைக் கையாண்டவர்களில் பலர் சூத்திரத்தை அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் விளைவைக் கண்ணால் அளந்திருந்தார்கள்.

கற்றதை ஒளித்து வைக்கவில்லை என்பது இவர்களின் பெருமை. சமையல் குறிப்புப்போலப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வைத்து வெளியிட்டார்கள். எடுத்தாள்வோர் செய்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் அந்தப் படங்கள் பெரும்பாலும் வேறு சேமிப்பிடங்களில் கிடந்தன. அவற்றுள் ஒன்றான ஃபோட்டோபக்கெட், 2017-இல் பிற தளங்களில் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399 டாலர் கேட்டது. பணம் செலுத்தாதவர்களின் பழைய பக்கங்களில் படங்கள் மறைந்து, 'இதைப் பாருங்கள்' என்ற வாக்கியங்கள் மட்டும் நின்றன.

இதற்குள் ரசிகர்களின் கூட்டம் டம்ளர் முதலிய புதிய தளங்களுக்குப் பெயர்ந்திருந்தது. சதுர ஐகானின் இடத்தை அசையும் படங்கள் பிடித்தன. நிறம் கூட்டும் அடுக்குகள் முழுவதையும் ஒரே கோப்பாக்கிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் வந்தது. வாங்கிப் படத்தின்மேல் போட்டால் வேலை முடிந்தது. வழக்கு மூண்டது இங்கேதான். கறுப்பு, பழுப்பு நிற நடிகர்களின் முகங்கள் அந்தக் கோப்புகளின் கீழே வெளிறிப் போயின. "இவர் இந்த நிறம் அல்லவே!" என்று ரசிகர்களே ரசிகர்களிடம் முறையிட்டார்கள்.

குற்றம் எங்கே என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பழுப்பு முகத்தின் புள்ளியில் சிவப்பு 140, பச்சை 95, நீலம் 65 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஸ்கிரீன் அடுக்கை ஒரே ஒரு முறை வைத்தால் அவை 203, 155, 113 ஆகின்றன. முகம் வெளுப்பது மட்டுமன்று. சிவப்பு நீலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்த நிலை மாறி, இரண்டு மடங்குக்கும் கீழே இறங்குவதால் நிறத்தின் செறிவும் வற்றுகிறது. நடுத்தர ஒளியையே மிகுதியாக உயர்த்தும் கணக்கு இது என்றோமல்லவா? பழுப்புத் தோல் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. வெள்ளை முகமோ முன்பே மேல்படியில் இருப்பதால் அவ்வளவாக மாறுவதில்லை. வெள்ளை முகத்துக்கென்று ஒருவர் பார்த்துப் பார்த்து அமைத்த அளவு, பழுப்பு முகத்தில் வேறு ஆளையே உருவாக்கிவிடுகிறது.

இதற்கு முன்னோடி உண்டு. 1950-களிலிருந்து, வண்ண அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஓர் அட்டையை வழங்கியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். அட்டைக்கே ஷெர்லி என்று பெயர் வழங்கிற்று. அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் அருகருகே நின்ற பள்ளிப் படங்களில் ஒரு முகம் இருளில் மூழ்கியது. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மர மேசை நாற்காலி விற்பவர்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு வகைகள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்டதும் ஃபிலிம் திருந்த ஒரு காரணமாயிற்று என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியோர் பின்னர் கூறியிருக்கின்றனர். பெற்றோர் சொல்லைவிடச் சாக்லேட்டுக்கு எடை அதிகம் போலும்! பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டைகள் 1990-களில்தான் வந்தன.

ரசிகர்கள் தம் வழக்கைத் தாமே தீர்த்துக்கொள்ள முனைந்தார்கள். முகம் உள்ள இடத்தை மட்டும் மறைக்கும் ஒரு திரையை அடுக்கின்மேல் வைப்பது ஒரு வழி. பின்னணி துலங்கும், முகம் தன் நிறத்தில் நிற்கும். அடுக்கின் வலிமையைக் குறைப்பது இன்னொரு வழி. முன்பு பார்த்த அதே புள்ளியில் ஸ்கிரீன் அடுக்கை முப்பது சதவீதம் மட்டும் செயல்பட விட்டால் எண்கள் 159, 113, 79 என நிற்கும். முகம் இருளிலிருந்து வெளியே வந்துவிடும். பழுப்பு பழுப்பாகவே இருக்கும்.