கித்தான் போதாமற்போன பூங்கா

"இயற்கை எழில் கொஞ்சும் காட்சி" என்று நாம் போற்றும் ஓவியங்கள் பலவற்றின் பின்னே நிலவுடையாரின் கட்டளை ஒன்று மறைந்து நிற்கின்றது. ஜான் கான்ஸ்டபிள் 1816-ஆம் ஆண்டு தீட்டிய 'வைவன்ஹோ பூங்கா' அத்தகையது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கோல்செஸ்டர் நகரை அடுத்து உள்ளது அப்பெருநிலம். ரிச்சர்டு உட்ஸ் என்னும் பூங்காக் கலைஞர் 1770களின் பிற்பகுதியில் அதனை வகுத்தமைத்தார். புல்வெளி தானே சரிந்தது போலவும் நீர் தானே தேங்கியது போலவும் தோன்றும். ஆனால் அனைத்தும் திட்டமிட்டுச் செய்தவையே. கா, பொழில், சோலை, தண்டலை என்று பல சொற்கள் படைத்த நம் மொழியிலும், காடு போல் நடிக்கும் இவ்வகைத் தோட்டத்திற்குப் பொருந்தும் சொல்லைத் தேடத்தான் வேண்டும்!

உடைமையாளர் தளபதி ஸ்லேட்டர் ரீபோ, ஓவியருடைய தந்தையின் நண்பர். அத்தந்தை அவ்வாண்டு மே மாதம் காலமாகியிருந்தார். மரியா பிக்னெல் என்னும் நங்கையை மணக்க ஏழாண்டுகளாகக் காத்திருந்த கான்ஸ்டபிளுக்கு அகவை நாற்பது. அவளுடைய பாட்டனாரோ மணத்தை எதிர்த்து வந்தார். கையில் பொருளில்லை. நிலைமையை அறிந்த ரீபோ, பணம் வேண்டும்போது தருவதாகக் கூறி இரண்டு ஓவியங்களை வரையப் பணித்தார்.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. மாளிகை, ஏரி, இடக்கோடியில் எல்ம் மரங்களோடு செயற்கைக் குகை, வலக்கோடியில் மான்களுக்கான இல்லம் ஆகிய அனைத்தும் படத்தில் இடம்பெற வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். ஒரு பார்வைக்குள் இத்தனையும் அடங்கா. கான்ஸ்டபிள் கித்தானின் இருபுறமும் துண்டுகளை ஒட்டுச் சேர்த்து அகலமாக்கினார். ஆகஸ்டு இறுதியில் மரியாவுக்கு எழுதிய மடலில், இடர் நீங்கியதென்றும் படம் தமக்கே பிடிக்கத் தொடங்கியதென்றும் தெரிவித்தார்.

இடப்புறம் ரீபோவின் மகள் கழுதை வண்டியில் செல்கிறாள். ஏரியில் இருவர் படகிலிருந்து வலை இழுக்கின்றனர். கரையில் பசுக்கள் மேய்கின்றன. உடைமைகளின் நாயகமாக நிற்க வேண்டிய மாளிகையோ தொலைவில், மரங்களுக்கிடையே சிறிதாய்ச் சிவந்து தோன்றுகிறது! முகில் நிழல் வீழ்ந்த புல்வெளியும் வானமுமே கண்ணைக் கவர்கின்றன. கேட்டவற்றையெல்லாம் கொடுத்துவிட்டுக் கேளாததைப் பெரிதாக்கியிருக்கிறார் ஓவியர். இரண்டாவது படம் ஆல்ரெஸ்ஃபோர்டில் மரச்செறிவினிடையே நின்ற மீன்பிடி மனையைக் காட்டுவது. அது மெல்போர்ன் சேர்ந்தது. பூங்கா ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

1816 அக்டோபர் 2-ஆம் நாள் திருமணம் நிறைவேறியது. ஆறாண்டுகட்குப் பின், 1822-இல், செல்வர் பூங்காக்கள் தமக்கு வெறுப்பூட்டுவன, அவை இயற்கை அல்லவாதலின் அழகும் அல்ல என்று நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார். வைவன்ஹோவை நினைத்துக்கொண்டுதான் எழுதினாரா? மறந்து எழுதினார் என்றே கொள்ள விரும்புகிறேன்.

1840களில் மாளிகை புதுப்பிக்கப்பட்டு முகம் மாறியது. 1960களில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் அங்கே எழுந்தது. மாளிகையின் பழைய முகத்தைக் காண விழைவோர் அந்த ஒட்டுச் சேர்த்த கித்தானைத்தான் நாட வேண்டும்.