வாசெக்டமி

லத்தீனில் ‘வாஸ்’ என்றால் குழல், கலம். கிரேக்கத்தில் ‘எக்டொமே’ வெட்டியெடுத்தல். விந்தணு வரும் குழலைத் துண்டித்துக் கட்டுவது, அவ்வளவே பொருள். தமிழில் ஆண் கருத்தடை என்கிறோம். 1930களில் பெரியார் கருத்தடைக்கு வழங்கிய ஒரு சொல் ‘கர்ப்ப ஆட்சி’. பெண்ணின் விடுதலையை முன்வைத்த அந்தச் சொல் நிலைத்திருக்கலாம்.

சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைப் பக்கம் ‘ஆபரேஷன் ஆயிடுச்சா?’ என்ற கேள்வி பிள்ளை பெற்றவளுக்குத்தான். புருஷனை யாரும் கேட்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் தம்பதியரில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண்களுடையது வெறும் 0.3. ஐம்பதுகளிலேயே ஆண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து இதை வளர்த்த சென்னை மாநிலத்தின் வாரிசுகள் நாம் என்பது வலிக்கிறது.

தடையாக நிற்பது இன்னொரு சொல்: காயடித்தல். அது காளையின் விதையை நசுக்குவது. வாசெக்டமியில் விதையைத் தொடுவதே இல்லை. ஹார்மோன் வழக்கம்போல் சுரக்கும், ஆசையும் விறைப்பும் குறையாது, விந்தும் வரும், அணு மட்டும் இராது. இன்றைய கத்தியில்லா முறை 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் வகுத்தது. மரத்துப்போக ஊசி, சிறு துளை, அரைமணிக்குள் முடியும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் எண்ணூரில் வலை இழுப்பவரும் ஒரு வாரம் பளு தூக்காமல் இருந்தால் போதும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும்.