விசா வந்த கதை

நம் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். பிரசவம், ஆயுஷ்ஹோமம், கிரகப்பிரவேசம் என்று இரண்டு மாதம், மூன்று மாதம் போய்வரும் பெற்றோர் அதிகம். நானும் என் மனைவியும் அந்த வரிசையில் சேர்ந்தவர்கள்தான். ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் பெண்ணின் முதல் பிரசவத்துக்காகக் குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பித்தோம். பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன, விசா வரவில்லை. கூடவே ஒரு அச்சடித்த தாள். விசாக் காலம் முடிவதற்குள் நாங்கள் நாடு திரும்புவோம் என்பது உறுதியாகவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள்.

"ஏன்னா, இந்த வயசுல நாம அங்கே போய் ஒளிஞ்சுக்கப் போறோமா?" என்றாள் என் மனைவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஒரு சந்தேகம் எப்போது, எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

1914 மார்ச் 17-ஆம் தேதி கணித மேதை ராமானுஜன் சென்னையிலிருந்து 'நெவாஸா' என்ற கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். அவருக்கு இருந்த தடைகள் நாம் அறிந்தவையே. சமுத்திர யாத்திரை கூடாது என்ற கட்டுப்பாடு, தாயாரின் சம்மதம், நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே அந்தச் சம்மதம் கிடைத்தது என்பார்கள். குடுமியையும் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் லண்டனில் இறங்க அவருக்கு விசா எதுவும் தேவைப்படவில்லை. பிரிட்டனின் 1905-ஆம் ஆண்டு அன்னியர் சட்டம் வேற்று நாட்டவருக்குத்தான். சக்கரவர்த்தியின் பிரஜைகளுக்கு அல்ல. ராமானுஜனுக்குத் தடையெல்லாம் நம் வாசற்படிக்கு உள்ளேதான் இருந்தது.

ஆனால் எல்லா இந்தியருக்கும் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. அதே ஆண்டு மே 23-ஆம் தேதி 'கோமகட்டா மாரு' கப்பல் 376 பயணிகளுடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். அவர்களும் அதே சக்கரவர்த்தியின் பிரஜைகள்தான். சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் நேராக வருபவர்களுக்கே அனுமதி என்று கனடா 1908-லேயே ஒரு விதி செய்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பல் வசதியே கிடையாது. விதியில் 'இந்தியர்' என்ற சொல் இல்லை. ஆனால் விதி யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். ஜூலை 23-ஆம் தேதி கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது.

சில நாட்களில் முதல் உலகப் போர் மூண்டது. ஒற்றர் பயத்தில் பல நாடுகள் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்கின. போர் முடிந்தும் வழக்கம் நிற்கவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு, போருக்கு முந்தைய சுதந்திரம் ஒரு நாள் திரும்ப வேண்டும் என்று விரும்பியது. ஆனால் அது உண்மையில் செய்தது, 32 பக்கச் சிறு புத்தகமாகப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு பொது வடிவம் வகுத்ததுதான். அதே ஆண்டு இங்கே வந்த இந்திய பாஸ்போர்ட் சட்டம் 2025-ல்தான் நீக்கப்பட்டது. தற்காலிகம் என்று வந்தது நூறு வருஷம் நின்றுவிட்டது!

சுதந்திரத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் இஷ்டமாகவே இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு இந்த உரிமையை மேலும் உறுதி செய்தது. ஆக, வீட்டை விட்டுக் கிளம்பும் உரிமை நமக்கு உண்டு. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் உரிமையை நம் நீதிமன்றம் தர முடியாது. அங்கேதான் விசா வருகிறது.

அந்த வாசல்கள் நமக்கு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பிரிட்டன் 1962-ல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. சும்மா பார்த்துவிட்டு வரப்போகும் இந்தியரும் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும் என்று 1986-ல் விதித்தது. ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் கிராமத்தருகே, 1985 ஜூன் 14-ஆம் தேதி மொஸெல் நதியில் ஒரு படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் உள்ளன. உள்சுவர்களை இடித்தவர்கள் வெளிக்கதவுக்கு ஒரே பூட்டைப் போட்டார்கள். ஒரு நாட்டின் கான்சுலேட் கொடுக்கும் விசா மற்ற நாடுகளுக்கும் செல்லும் என்பதால் சோதனையும் கடுமையானது. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். 2015 நவம்பர் முதல் நம் கைரேகையையும் எடுக்கிறார்கள்.

ஒரு நல்லதும் உண்டு. 2011 ஏப்ரல் முதல், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு. எங்களுக்கு வந்த அந்தத் தாள் அப்படிக் கிடைத்ததுதான். அவமானமாக நினைத்துக் கிழித்துப் போட இருந்தேன். மறுபடி நிதானமாகப் படித்தபோதுதான் எங்கள் பிழை புரிந்தது. பெண்ணின் அழைப்புக் கடிதம், மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு, டாக்டர் கடிதம் என்று போவதற்கான காரணங்களையே அடுக்கியிருந்தோம். திரும்புவதற்கான காரணம் ஒன்றுகூட இல்லை. 88 வயது அம்மா எங்களோடு இருக்கிறாள் என்பதை எழுதவே தோன்றவில்லை. அது சொல்லியா தெரிய வேண்டும் என்ற நினைப்பு!

ராமானுஜனை அவர் வீட்டார் 'போகலாமா' என்று கேட்டார்கள். நம்மைக் கான்சுலேட் 'திரும்புவாயா' என்று கேட்கிறது. கேள்வி புரிந்தால் பதில் சொல்வது சிரமமில்லை. பென்ஷன் உத்தரவு, வீட்டுவரி ரசீது, அம்மாவைப் பற்றி ஒரு கடிதம் எல்லாம் வைத்து மறுபடி விண்ணப்பித்தோம். விசா வந்தது. ஆனால் பேத்தியைப் பார்க்கும்போது அவளுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. பிரசவ சமயத்தில் என் பெண்ணின் பக்கத்தில் அவள் அம்மா இல்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

எண்பதாவது நாள் ஊர் திரும்பினோம். மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் இந்தியருக்காகவே ஒரு சலுகை வந்திருக்கிறது. ஆகவே முதல் விசாவைப் பத்திரமாகப் பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம்; கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். பயணக் காரணத்தை ஒரு பக்கம் எழுதினால், திரும்பும் காரணத்தை இரண்டு பக்கம் எழுதுங்கள்.