விருந்தும் உடன்படிக்கையும்: மன்னர் அப்துல் அஜீஸின் 1939ஆம் ஆண்டு பஹ்ரைன் வருகை

1939 மே 1ஆம் நாள் ராஸ் தனூரா துறையில் மன்னர் அப்துல் அஜீஸ் வால்வைத் திறந்துவிட, சவூதி அரேபியாவின் கச்சா எண்ணெய் முதன்முறையாக ஒரு டேங்கர் கப்பலில் ஏறியது. ரியாத்திலிருந்து பாலைவனத்தைக் கடந்து, நூற்றுக்கணக்கான மோட்டார் வண்டிகளில் பெரும் பரிவாரத்தோடு அவர் அங்கு வந்திருந்தார். விழா முடிந்ததும் அவர் கடல் தாண்டிப் பஹ்ரைனுக்குச் சென்று, அதன் ஆட்சியாளர் ஷேக் ஹமத் பின் ஈசா அல் கலீஃபாவின் விருந்தினராகத் தங்கினார். எண்ணெய் வரலாற்று நூல்கள் முதல் நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லி, இரண்டாவதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த இரண்டாவது நிகழ்ச்சியே கூடுதல் கவனத்துக்குரியது என்பது இக்கட்டுரையின் வாதம். அயல்நாடுகளோடு நேரடியாகப் பேசும் உரிமையை உடன்படிக்கையில் இழந்திருந்த ஒரு சிற்றரசுக்கு, விருந்தோம்பல் என்ற ஒரே வாசல் மட்டும் திறந்திருந்தது. அரை நூற்றாண்டாக அந்த வாசல் வழியாக நடந்தவற்றின் தொடர்ச்சியே 1939ஆம் ஆண்டு வருகை.

1880, 1892ஆம் ஆண்டுகளில் அன்றைய பஹ்ரைன் ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் அலி கையெழுத்திட்ட உடன்படிக்கைகளின்படி, பிரிட்டனின் இசைவின்றிப் பஹ்ரைன் வேறெந்த அரசோடும் பேச்சு நடத்தவோ நிலம் விட்டுக்கொடுக்கவோ முடியாது. மனாமாவிலிருந்த பிரிட்டிஷ் அரசியல் முகவர், பாரசீகக் கரையின் புஷைரில் இருந்த ரெசிடென்ட்டுக்குக் கட்டுப்பட்டவர். ரெசிடென்ட்டோ இந்திய அரசின் அதிகாரி. பஹ்ரைன் சந்தையில் புழங்கியதும் இந்திய ரூபாய்தான். ஆனால் ஜித்தாவில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் லண்டன் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வந்தது. சுமார் 25 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு கடற்பரப்பின் இரு கரைகளை, ஒரே பேரரசின் இரண்டு துறைகள் தனித்தனியாகக் கவனித்துவந்தன.

இந்த ஏற்பாட்டின் அடியில் பழைய அச்சம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பஹ்ரைன் ஆட்சியாளர்கள் மத்திய அரேபியாவான நஜ்தின் சவூத் அமீர்களுக்குத் திறை செலுத்தியிருக்கிறார்கள். அந்த உரிமைக் கோரிக்கை மீண்டும் எழலாம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கருதினர். அதே உறவுக்கு வேறொரு முகமும் உண்டு. 1891இல் முலைதா போரில் எதிரிகளான ரஷீதிகள் வென்று ரியாத் கைவிட்டுப் போனபோது, அப்துல் அஜீஸின் தந்தை அப்துர் ரஹ்மானின் குடும்பத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தந்தவர் இதே ஷேக் ஈசா. அப்போது சிறுவனாக இருந்த அப்துல் அஜீஸின் அரசியல் வாழ்வில் குவைத்தில் கழித்த ஆண்டுகள் பெரிதாகப் பேசப்படுகின்றன. அதற்கு முந்தைய பஹ்ரைன் அடைக்கலத்தை நாம் போதிய அளவு எடைபோடவில்லை. அரபுப் பழங்குடி மரபில் அடைக்கலம் தந்தவர் மீதான கடன் தலைமுறை தாண்டியும் தீராது. ஆவணக் காப்பகத்தில் அதற்குத் தனிக் கோப்பு இருக்காது என்பதால் அது அரசியலுக்கு வெளியே நின்றதாகிவிடாது.

1913இல் அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள அல்ஹசாவை ஓட்டோமான்களிடமிருந்து கைப்பற்றியதும் அப்துல் அஜீஸ் பஹ்ரைனின் நேர் அண்டைவீட்டாரானார். 1915 டிசம்பர் 26இல் தாரூத் தீவின் தாரினில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பெர்சி காக்ஸோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், குவைத், பஹ்ரைன் முதலிய பகுதிகளில் தலையிடுவதில்லை என உறுதி தந்தார். 1927 மே மாதத்து ஜித்தா உடன்படிக்கை அவருடைய முழுச் சுதந்திரத்தை ஏற்றது. ஆயினும் அதன் ஆறாவது பிரிவு, பிரிட்டனோடு தனி உறவு கொண்ட வளைகுடா ஆட்சிப் பகுதிகளோடு அமைதி பேண வேண்டும் என்ற கடமையை அவர்மேல் வைத்தது.

தாளில் எழுதப்பட்ட அமைதியைத் துறைமுகச் சுங்கம்தான் சோதித்தது. அல்ஹசாவுக்குப் போகும் அரிசி, துணி, சர்க்கரை எல்லாம் மனாமாவில் இறங்கி, சிறு படகுகளுக்கு மாறி மறுகரைத் துறைகளான உகைருக்கும் கதீஃபுக்கும் சென்றன. வழியில் பஹ்ரைன் வாங்கிய இடைவழிச் சுங்கத்தை அப்துல் அஜீஸ் தொடர்ந்து எதிர்த்தார். மனாமாவில் அவருடைய வணிக அலுவல்களைப் பார்த்துவந்தவர்கள் குஸைபி குடும்பத்தார். 1923 மே மாதம் நஜ்தியருக்கும் பாரசீகருக்கும் இடையே மூண்ட கலவரத்தைத் தொடர்ந்து பிரிட்டிஷார் முதிய ஷேக் ஈசாவை ஒதுக்கி, மகன் ஹமதிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தனர். தன் குடும்பத்துக்கு அடைக்கலம் தந்த மனிதர் சொந்த மண்ணிலேயே அதிகாரம் இழந்ததை மறுகரையிலிருந்து அப்துல் அஜீஸ் பார்த்துக்கொண்டிருந்தார். 1930 பிப்ரவரியில் லூபின் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஈராக் மன்னர் பைசலைச் சந்தித்த பயணத்தை ஒட்டி அவர் பஹ்ரைனில் இறங்கினார். ஷேக் ஈசா அப்போது உயிருடன் இருந்தார், 1932இல்தான் காலமானார். இந்தப் பின்னணியில், 1930ஆம் ஆண்டு வருகையை வழியில் நேர்ந்த வெறும் தங்கல் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் இரு கரைகளின் நிலையையும் மாற்றின. 1932இல் பஹ்ரைனின் ஜபல் துகானில் எண்ணெய் கிடைத்தது. அதைத் தோண்டிய பாப்கோ என்ற நிறுவனம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பிள்ளை; பிரிட்டிஷ் நிபந்தனைக்கு இணங்குவதற்காகவே கனடாவில் பதிவுசெய்யப்பட்டது. 1933 மே 29இல் அதே தாய் நிறுவனம் அல்ஹசாவிலும் சலுகை பெற்றது. 1938 மார்ச்சில் தம்மாம் ஏழாம் எண் கிணறு வணிக அளவில் எண்ணெய் தந்தபோது, அந்தக் கச்சா எண்ணெய் அல்கோபரிலிருந்து தோணிகளில் ஏறிப் பஹ்ரைன் சுத்திகரிப்பு ஆலைக்குத்தான் முதலில் போனது. அரிசி மூட்டைகள் மேற்கே சென்ற பாதையில் எண்ணெய் கிழக்கே வந்தது. சுங்கத் தகராறும் 1930களின் நடுவிலேயே உடன்பாட்டுக்கு வந்திருந்தது.

ஆகவே 1939 மே மாதத்தில் வந்தவர் அடைக்கலம் தேடிய குடும்பத்துப் பிள்ளையாக வரவில்லை, சுங்கம் குறித்து முறையிட்ட அண்டைவீட்டாராகவும் வரவில்லை. பிரிட்டிஷ் காப்புக்கு வெளியே நின்ற முழு அரசர் அவர். ஷேக் ஹமதுக்கும் அந்த வருகை தேவைப்பட்டது. 1938 நவம்பரில் சட்டமன்றமும் தொழிலாளர் உரிமையும் கேட்டு எழுந்த இயக்கத்தின் தலைவர்கள் கைதாகி, அவர்களில் சிலர் பம்பாய்க்கு நாடுகடத்தப்பட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் ஆலோசகர் சார்லஸ் பெல்கிரேவின் நிழலில் ஆள்பவர் என்ற பேச்சைச் சுமந்த ஓர் ஆட்சியாளர், புனித நகரங்களின் காவலரைத் தம் விருந்தினராகக் குடிமக்கள் முன் நிறுத்தினார். அரசியல் முகவர் ஹியூ வெயிட்மேனின் அலுவலகம் அருகிலேயே இருந்தது. என்றாலும் விருந்தை அளிப்பவர் அங்கே ஷேக் மட்டுமே. உடன்படிக்கைகள் பறித்த தகுதியில் ஒரு பகுதி, சில நாட்களுக்கேனும் அவரிடம் திரும்பியது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அதே ஆண்டு ஜூலையில் ஹவார் தீவுகள் பஹ்ரைனுக்கு உரியவை என்று தீர்ப்பளித்தது பிரிட்டிஷ் அரசு. அங்கே எந்த விருந்துக்கும் வேலை இல்லை. சவூதியின் கிழக்கு எல்லை குறித்து 1930களின் நடுவில் தொடங்கிய பேச்சும் முடிவின்றிக் கிடந்தது. கடலடி எண்ணெயின் மதிப்பு உயர உயர, இரு கரைகளுக்கும் இடையிலுள்ள திட்டுகள் யாருக்கு என்ற கேள்வி கூர்மையானது. அதைத் தீர்த்தது 1958 பிப்ரவரி 22ஆம் நாள் ஒப்பந்தம். அப்துல் அஜீஸின் மகன் மன்னர் சவூதும் ஹமதின் மகன் ஷேக் சல்மானும் அப்போது இரு அரசுகளின் தலைவர்கள். பஹ்ரைன் அப்போதும் காப்பரசுதான். அதற்கு விடுதலை கிடைக்க இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆயினும் சர்ச்சைக்குரிய அபூ சஃபா திட்டின் இறைமை சவூதிக்கு, அங்கு கிடைக்கும் நிகர எண்ணெய் வருவாயில் பாதி பஹ்ரைனுக்கு என்று அவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.