தேரும் வண்டியும்

விளையாட்டு யந்திரங்களில் உயர்ந்தது டெலிவிஷனோடு சேர்க்கும் பெட்டியா, மேஜைக் கம்ப்யூட்டரா? எங்கள் வத்திராயிருப்புப் பிள்ளைகள் இதைப் பற்றி வாதாடுவதைக் கேட்டால் பட்டிமன்றம் தோற்றது போங்கள்! இந்த வழக்குக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதன் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது.

1981-இல் ஐ.பி.எம். கம்பெனியின் கம்ப்யூட்டர் வந்தது. அதன் மூளை வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. 1983-இல் ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியின் 'பாமிகாம்' பெட்டிக்கோ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புத்தான். ஆயினும் ஓடுகிற சித்திரத்தில் ஜெயித்தது பெட்டியே! ஐ.பி.எம்.மின் சித்திரப் பலகை ஒரே சமயத்தில் 4 நிறங்களைக் காட்டிவிட்டு, மற்ற வேலையையெல்லாம் மூளையின் தலையில் போட்டது. பெட்டியிலோ, சித்திரத்தை நகர்த்துவதற்கென்றே தனியாக ஒரு சில்லு இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். அது ரதவீதிகளில்தான் ஓடும். ஆனால் ஆடிப்பூரத்தன்று அங்கே அதற்கு இணை ஏது? மாட்டுவண்டியோ நெல்லையும் ஏற்றும், கல்யாணத்துக்கும் போகும்.

1990-இல் அமெரிக்காவில் ஜான் கார்மாக் என்ற இருபது வயது இளைஞர் ஓர் யுக்தி கண்டார். திரை முழுவதையும் திரும்பத் திரும்ப எழுதுவானேன், மாறிய இடத்தை மட்டும் எழுதினால் போதாதா? நின்டெண்டோவின் மாரியோ ஆட்டம் ஒன்றின் முதல் கட்டத்தை நண்பரோடு சேர்ந்து ஒரே இரவில் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். நின்டெண்டோ அதை ஏற்கவில்லை. அதே யுக்தியில் அவ்வாண்டு டிசம்பரில் 'கமாண்டர் கீன்' பிறந்தது. 1993-இல் 'டூம்' வந்தது. 1996-இல் 'வூடூ' என்ற தனிச் சித்திர அட்டை வரவே, வண்டிக்குச் சக்கரம் மாற்றுவதுபோல் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கலாம் என்றாயிற்று. பெட்டியில் அது நடக்குமா?

பிறகு பகையாளிகள் சம்பந்திகளானார்கள். 2001-இல் மைக்ரோஸாப்ட்டின் எக்ஸ்பாக்ஸுக்குள் கம்ப்யூட்டரின் பென்டியம் ஜாதி மூளையே குடியேறியது. 2013-இல் ஸோனியும் அதே குலத்தில் சம்பந்தம் செய்துகொண்டது. 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தபோது, அத்தகைய சித்திரத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க அதைவிட அதிகம் செலவாயிற்று. காரணம், விளக்கை மலிவாகத் தந்து எண்ணெயில் லாபம் பார்க்கும் வியாபாரம். பெட்டியில் குறைகிற காசு ஆட்டங்களின் விலையில் திரும்பிவிடும்.

ஆனால் நம் வீடுகளில் துடிப்பை எண்ணி யார் தீர்ப்புச் சொன்னார்கள்? "இது படிப்புக்கு ஆகுமா?" என்று அப்பா கேட்பார். கம்ப்யூட்டருக்குப் பதில் இருந்தது; பெட்டி வாயடைத்து நின்றது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பிளவக்கல் அணைத் தண்ணீரில் நாற்று நடுகிறவர் வீட்டிலும் யந்திரம் நுழைந்தது. பெரிய ஆட்டங்களுக்கு அதில் சக்தி இல்லைதான். சின்ன ஆட்டங்கள் ஓடின.

அதற்கும் மேலாக ஒன்று உண்டு. பெட்டி, பிறர் செய்த ஆட்டத்தை ஆடத்தான் விடும். கம்ப்யூட்டரிலோ ஆட்டத்தைச் செய்தே பார்க்கலாம். கார்மாக் செய்ததும் அதில்தானே? பிள்ளைகளின் வாதத்தில் வேகமும் வர்ணமும் அடிபடுகின்றன. இந்த விஷயத்தையும் யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.